கிட்டார் கழுத்து: ஒரே கட்டையா, ஒட்டா?

பழைய வீட்டைப் பிரித்தபோது எடுத்துவைத்த தேக்கு நிலைக்கால் ஒன்று என்னிடம் கிடந்தது. மூன்றங்குலக் கனம். ஒட்டே இல்லாமல் கிட்டார் கழுத்து செதுக்கும் ஆசை அதைப் பார்த்துத்தான் வந்தது. தஞ்சாவூர் வீணையிலும் ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்குத்தானே மதிப்பு!

கிட்டாரில் கணக்கு வேறு. தலைப்பகுதி பின்பக்கம் சாய்ந்திருந்தால் தந்திகள் நட்டின் (கழுத்தும் தலையும் சேருமிடத்தில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டை) மேல் நன்றாக அழுந்தி உட்காரும். கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் கிட்டாரில் மரபாக 17 டிகிரி சாய்வு. நான் 13 வைத்தேன். 180 மி.மீ. நீளத் தலை அதற்கே 40 மி.மீ. கீழிறங்கும். தலையின் கனத்தையும் சேர்த்தால் 55 மி.மீ. கட்டை வேண்டும். அதில் பெரும்பங்கு சீவலாகத் தரையில் விழும்.

வீணாவதுகூடப் பெரிதில்லை. நாரோட்டம் கழுத்தின் நீளவாக்கில் ஓடுகிறது. தலை சாயும் இடத்தில் நார்கள் வெட்டுப்பட்டுக் குட்டையாகிவிடுகின்றன. டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பி) திருகுவதற்கான குழியையும் அங்கேதான் தோண்டியிருந்தேன். எலெக்ட்ரிக் கிட்டாரின் 6 தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ இழுப்பைத் தருபவை. ஒருநாள் சுவரில் சாய்த்துவைத்தது வழுக்கி முகங்குப்புற விழுந்தது, அவ்வளவுதான். நட்டுக்குப் பின்னால் முறிந்த தலை தந்திகளில் தொங்கியது.

ஒட்டுக் கழுத்துக்கு 20 மி.மீ. பலகை போதும். 13 டிகிரியில் சரிவாக அறுத்து, வெட்டிய துண்டைப் புரட்டிப் பொருத்தினால் தலை சாய்ந்து நிற்கும். அதன் நாரும் தலையின் நீளவாக்கிலேயே ஓடும். பசை பிடிக்கும் முகம் ஏறக்குறைய 90 மி.மீ. நீளம். சிரமமெல்லாம் அந்த முகத்தில்தான். இரண்டு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக, இரு சரிவுகளும் ஒரே தளமாகத் தொடரும்படி அடுக்கி, கிளாம்ப் போட்டு, ஒரே இழைப்பில் சமன்செய்ய வேண்டும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்றுமுன் தின்னர் தொட்டுத் துடைத்துவிடுவேன். பசை தடவி இறுக்கும்போது துண்டுகள் சோப்புக்கட்டிபோல நழுவும். நாலைந்து கல்லுப்பைப் பொடித்துப் பசைமேல் தூவினால் நகராது. மறுநாள்வரை கிளாம்பைத் தொடாதீர்கள்.

மூன்றாவது வழி ஃபெண்டர் கிட்டார் நிறுவனத்துடையது: தலைக்குச் சாய்வே கிடையாது. அதன் முகப்பை மட்டும் சற்றுத் தாழச் சீவினால் 25 மி.மீ. பலகையில் வேலை முடிந்துவிடும். மெல்லிய தந்திகளுக்கு அழுத்தம் போதாது என்பதால் அவற்றைக் கீழே பிடித்து நிறுத்த ஒரு சிறு கொக்கி அறைய வேண்டும். என் கண்ணுக்கு அந்தத் தலை அழகில்லை. ஆனாலும் முதன்முதலாகக் கழுத்து செய்ய உட்காருகிறவருக்கு இதைத்தான் சொல்வேன்.

என் இரண்டாவது கழுத்து அதே நிலைக்காலின் மிச்சத்தில் செய்த ஒட்டுக் கழுத்து. பின்புறம் ஒட்டின் கோடு மெலிதாகத் தெரியும். "ஏன் சார், ஒட்டுப் போட்டுவிட்டீர்கள்?" என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். முறிந்த தலை பட்டறைச் சுவரில்தான் இருக்கிறது. அதன் முறுக்காணி ஓட்டைகளில் உளிகளைச் செருகிவைத்திருக்கிறேன்.