உண்டியலா, கட்டளையா? வளர்ச்சி வங்கிகளிடம் சேரும் கொடை நிதியை நிர்வகிக்கும் வழிகள்

கோயிலுக்குப் பணம் கொடுக்க நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. உண்டியலில் போட்டால் அது பொதுக் கணக்கில் சேரும். விளக்குக்கு எண்ணெய் வாங்குவதா, மதிற்சுவரைப் பூசுவதா என்பதை நிர்வாகம் தீர்மானிக்கும். கட்டளையாக எழுதி வைத்தால், குறிப்பிட்ட திருநாளின் அபிஷேகத்துக்கென்று கொடுத்த பணம் அதற்கு மட்டுமே செலவாகும். கட்டளைகள் பெருகிய கோயிலில் விழாக்கள் குறைவின்றி நடக்கும். ஓதுவாரின் சம்பளத்துக்குத்தான் பணம் இராது. உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் செல்வந்த நாடுகளிடமிருந்து பெற்று நிர்வகிக்கும் நம்பிக்கை நிதியங்களைச் சீரமைப்பது பற்றிய விவாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நம்பிக்கை நிதியம் என்பது வங்கியின் மூலதனத்தில் சேராத பணம். கொடையாளி நாடு ஓர் ஒப்பந்தத்தின் கீழ் அதைக் கொடுக்கிறது. வங்கி அறங்காவலராக இருந்து அதைப் பராமரிக்கிறது. அதில் ஒரு பகுதியை ஆய்வுக்கும் ஆலோசனைக்கும் வங்கியே செலவிடும். மற்றொரு பகுதியைப் பெறும் நாட்டின் அரசு செலவிடும். முதல் பகுதியைப் பற்றி வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் வங்கி அதிகாரிகள் எந்தத் துறையில் அறிக்கை எழுதுகிறார்கள், எந்த நாட்டுக்கு ஆலோசகரை அனுப்புகிறார்கள் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அந்தப் பணமே என்பதால், கொடையாளியின் விருப்பம் வங்கியின் வேலைத்திட்டத்துக்குள் நுழையும் வாசலும் அதுவே.

முதல் வழி, ஒரு கொடையாளி ஒரு நோக்கத்துக்காகத் தனியே நிறுவும் நிதியம். இது விரைவாக அமையும். கொடுத்த நாட்டின் நாடாளுமன்றத்தில் 'இந்தப் பணம் இங்கே சென்றது' என்று சுட்டிக் காட்டவும் முடியும். விலையைக் கொடுப்பது மற்றவர்கள். ஒவ்வொரு நிதியத்துக்கும் தனி ஒப்பந்தம், தனி அறிக்கை, தனிக் கணக்கு என்று வேலை பெருகுகிறது. உலக வங்கியின் சுதந்திர மதிப்பீட்டுக் குழு 2011இல் நம்பிக்கை நிதியங்களின் தொகுப்பை முழுமையாக ஆராய்ந்தபோதே, அவை சிதறிக்கிடப்பதும் ஒவ்வொரு நாட்டுக்கும் வங்கி வகுக்கும் உத்தியோடு போதிய அளவு இணையாதிருப்பதும் குறைகளாகச் சுட்டப்பட்டன.

அதற்கு மாற்றாக வங்கி முன்வைத்து நடைமுறைப்படுத்திவருவது குடைத் திட்டம். ஐந்நூறைத் தாண்டியிருந்த நிதியங்களை, துறைவாரியாகவும் நாடுவாரியாகவும், நூற்றுக்கும் குறைவான குடைகளின் கீழ் கொண்டுவருவதே அதன் இலக்கு. ஒவ்வொரு குடைக்கும் பல கொடையாளிகள் சேரும் ஒரு மைய நிதியம், கொடையாளிகளும் வங்கியும் கூடிப் பேசும் ஒரே கூட்டாளர் மன்றம், ஒரே ஆண்டறிக்கை, ஒரே பலன் அளவுகோல் என்பது ஏற்பாடு. கொடையாளி தன் விருப்பத்தைச் சொல்லலாம். அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. காகிதத்தில் இது நல்ல சீர்திருத்தம். ஆயினும் மைய நிதியத்தில் சேர விரும்பாத கொடையாளிக்காக 'இணைந்த நிதியம்' என்ற பெயரில் ஒரு பக்கக் கதவும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. விதிவிலக்கு என்று சொல்லப்பட்ட இந்தக் கதவுக்குக் காலவரம்பு இல்லையென்றால், பழைய தனி நிதியங்கள் ஒரே துணியின் கீழ் நின்றுகொண்டிருக்கும்; எண்ணிக்கை மட்டும் குறைந்திருக்கும்.

மூன்றாவது வழி நிதி இடைநிலை நிதியம். இங்கு வங்கி ஏறத்தாழக் காசாளர்தான். பணத்தை வைத்திருக்கும், முதலீடு செய்யும், நிதியத்தின் ஆளுகைக் குழு சொல்லும் அமைப்புக்கு அனுப்பும். அது எப்படிச் செலவானது என்பதற்கு அறங்காவலர் என்ற நிலையில் பொறுப்பேற்காது. 2002இல் தொடங்கிய எய்ட்ஸ், காசநோய், மலேரியா எதிர்ப்புக்கான உலக நிதியத்தின் பணம் இவ்வாறே வைக்கப்பட்டிருக்கிறது. இவ்வழியின் சிறப்பு, பெறும் நாடுகளுக்கு மேசையில் உண்மையான இடம் கிடைப்பது. பருவநிலை மாற்றம் குறித்த கியோட்டோ நெறிமுறையில் பிறந்த தகவமைப்பு நிதியத்தின் வாரியத்தில் வளரும் நாடுகளுக்கே பெரும்பான்மை. சான்று பெற்ற உள்நாட்டு நிறுவனம் இடையில் எவருமின்றி நேரடியாக நிதி பெறலாம் என்ற விதியின்படி இந்தியாவின் நபார்டு வங்கி அதில் சான்று பெற்றது. 2022இல் தொடங்கிய பெருந்தொற்று நிதியத்தின் 21 வாக்குகளில் கொடுக்கும் நாடுகளுக்கு 9, பெறும் நாடுகளுக்கு 9, குடிமைச் சமூக அமைப்புகளுக்கு 2, தனியார் கொடை அமைப்புகளுக்கு 1 எனப் பிரிக்கப்பட்டது. குறை என்னவென்றால், ஒவ்வொரு புதிய அக்கறைக்கும் ஒரு புதிய நிதியம், அதற்கொரு செயலகம், அதற்கொரு விண்ணப்பப் படிவம் என்று இது வளர்ந்துகொண்டே போகிறது. ஒரு சிறிய தீவு நாட்டின் நிதியமைச்சகத்தில் அந்தப் படிவங்களை நிரப்ப இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே சிலர்தாம்.

நான்காவது, உண்டியல். ஏழை நாடுகளுக்கு உதவும் உலக வங்கியின் பிரிவாக 1960இல் நிறுவப்பட்ட சர்வதேச அபிவிருத்திச் சங்கத்துக்கு நாடுகள் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கொரு முறை பணம் தருகின்றன. அந்நாடுகளுக்கான பங்கீட்டில் பெரும்பகுதி ஒரு சூத்திரத்தின்படி நடக்கிறது. 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட 21ஆவது சுற்றில் கொடையாளிகள் தர ஒப்புக்கொண்டது 2,370 கோடி டாலர். கடன் பத்திரங்களையும் பழைய கடன்களின் திருப்பத்தையும் சேர்த்து அது 10,000 கோடி டாலராகப் பெருகும் என்பது திட்டம். ஒரு டாலர் நான்கு டாலராகும் இந்த வாய்ப்பு, கொடுத்த டாலரை அப்படியே செலவிடும் வழக்கமான நம்பிக்கை நிதியத்துக்குக் கிடையாது. சிக்கனத்தை மட்டும் கருதினால் வாதம் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சூத்திரம் நாட்டெல்லையைத் தாண்டிய நோய்க்கோ, அங்கீகாரம் நிச்சயமற்ற அரசுக்கோ, நேற்று கடல் கொண்ட கரைக்கோ எளிதில் வளைந்து கொடுப்பதில்லை. எனவே கட்டளைகளை முற்றாக ஒழித்துவிடலாம் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை.

ஐக்கிய நாடுகள் அவையின் பன்முகக் கூட்டாளர் அலுவலகம் நடத்தும் நிதியங்களும் போட்டியில் உண்டு. நிர்வாகத்துக்கு 1 விழுக்காடு, செயல்படுத்தும் அமைப்புக்கு வழக்கமாக 7 விழுக்காடு என்ற அதன் கட்டண முறை எளிமையானது. 2004க்குப் பின் ஈராக்கில் உலக வங்கிக்கும் ஐநாவுக்கும் ஒவ்வொன்றாக இரு நிதிச் சாளரங்கள் அருகருகே திறந்தபோது, கொடையாளிகள் தந்த சுமார் 185 கோடி டாலரில் பெரும்பங்கு வங்கியின் சாளரத்தை விட்டு ஐநாவின் சாளரத்துக்கே சென்றது.

இனி, பல கொடையாளிகள் சேரும் நிதியம் களத்தில் எப்படி நடந்துகொண்டது என்பதைப் பார்க்கலாம். என் முடிவு இதிலிருந்துதான் பிறக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் இந்தோனேசிய அரசே கேட்டு அமைத்த ஆச்சே, நியாஸ் பகுதிகளுக்கான நிதியத்தில் 15 கொடையாளிகளின் 65.5 கோடி டாலர் சேர்ந்து, 2012இல் பணி முடித்து மூடப்பட்டது. அதன் வழிகாட்டுக் குழுவில் வங்கியோடும் ஐரோப்பிய ஆணையத்தோடும் சமமாக இணைத்தலைமை வகித்தது, குந்தோரோ மங்குசுப்ரோத்தோ தலைமையிலான இந்தோனேசியப் புனரமைப்பு முகமை. தன் பெயரில் முடிவெடுக்கக்கூடிய ஒரு பெறுநர் அங்கே இருந்தார். 2005 ஏப்ரலில் கொடையாளிகள் கூடிய ஒஸ்லோ மாநாட்டையொட்டி உருவான தென் சூடான் நிதியத்தில் பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அமைச்சகங்களே அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்த இடத்தில் வங்கியின் வழக்கமான கொள்முதல் விதிகள் திணிக்கப்பட்டதால் செலவு ஊர்ந்தது. பொறுமையிழந்த கொடையாளிகள் தத்தம் நிதியங்களைத் தனியே திறந்தார்கள். ஒன்றுசேர்க்க வந்த ஏற்பாடே சிதறலுக்குக் காரணமாயிற்று.

அதே சுனாமி இலங்கையில் வேறு கதையானது. 2005 ஜூன் 24 அன்று அரசும் விடுதலைப் புலிகளும் சுனாமி நிவாரணத்தைக் கூட்டாக நிர்வகிக்கக் கையெழுத்திட்ட பொதுக்கட்டமைப்பு ஒப்பந்தம், வெளிநாட்டுக் கொடைகளுக்கான பிராந்திய நிதியம் ஒன்றையும் அதன் காப்பாளராக உலக வங்கியையும் கருதியிருந்தது. மக்கள் விடுதலை முன்னணி (ஜே.வி.பி.) கட்சி தொடுத்த வழக்கில் ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நிதியம் உள்ளிட்ட சில பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது; அதன் பின் அது இயங்கவேயில்லை. பிராந்தியக் குழுவில் இடம் ஒதுக்கப்பட்ட முஸ்லிம்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் தரப்பாக இல்லை என்ற மனக்குறையும் கூடவே இருந்தது. காப்பாளரின் நேர்த்தியில் எவரும் குற்றம் காணவில்லை. பெறுபவர் யார் என்பதில் ஒத்துப்போகாத நாட்டில், நிதியத்தின் சட்ட வடிவம் எவ்வளவு கச்சிதமாக இருந்தும் பயனில்லாமற் போயிற்று.

ஆகவே என் தேர்வு குடைத் திட்டம்தான், ஆனால் மூன்று திருத்தங்களோடு. இணைந்த நிதியங்களுக்கு முடிவுத் தேதி வேண்டும். பெறும் நாட்டின் பிரதிநிதிக்குக் கூட்டாளர் மன்றத்தில் பார்வையாளர் நாற்காலி போதாது, வாக்கு வேண்டும். பெருந்தொற்று நிதியத்தில் முடிந்தது இங்கே முடியாததற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதாக, விருப்பம் சொல்வதற்கு எண்ணில் எழுதிய வரம்பு வேண்டும். 2002இல் தொடங்கிய ஆப்கானிஸ்தான் புனரமைப்பு நம்பிக்கை நிதியத்தில் ஒரு கொடையாளி தன் பங்கில் பாதிக்கு மட்டுமே விருப்பம் தெரிவிக்கலாம் என்ற விதி இருந்தது. மீதிப் பாதியும் அரசின் வரவுசெலவுத் திட்டத்தின் வழியே சென்றதால்தான் ஆசிரியர் சம்பளம் போன்ற, எந்தக் கொடையாளியும் பெயர்ப்பலகை மாட்ட விரும்பாத செலவுகளுக்கு அங்கே பணம் கிடைத்தது. அந்த நிதியமும் குறையற்றதன்று: பணம் எப்படிச் செலவாகிறது என்பதைக் கண்காணிப்பதிலும் அந்தத் தகவலைக் கொடையாளிகளோடு பகிர்வதிலும் வங்கி தவறியதாக அமெரிக்காவின் ஆப்கன் புனரமைப்புக்கான சிறப்புத் தலைமை ஆய்வாளர் 2018இல் கண்டித்திருந்தார்.

2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான்களிடம் வீழ்ந்ததும் அந்த நிதியத்தின் பட்டுவாடா நின்றது. டிசம்பரில் கொடையாளிகள் கூடி, எஞ்சியதில் 28 கோடி டாலரை யுனிசெப்புக்கு 10 கோடி, உலக உணவுத் திட்டத்துக்கு 18 கோடி என்று பிரித்து அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். உண்டியல் முறையில் அரசு கைமாறியதும் பட்டுவாடா அப்படியே உறைந்திருக்கும். தனி நிதியங்களாக இருந்திருந்தால் முப்பதுக்கும் மேற்பட்ட தலைநகரங்களோடு தனித்தனியே பேச வேண்டியிருக்கும். பல கொடையாளிகள் ஒரே குழுவில் இருந்ததால் நான்கே மாதத்தில் பணம் வேறு வழியில் திரும்பியது. அந்தத் தீர்மானத்தின்போது ஆப்கானிஸ்தானின் நிதியமைச்சகத்துக்குரிய இடத்தில் அமர எவரும் இல்லை. அத்தகைய நாளில் அந்த வாக்கு யாருடையது என்பதை இப்போது எழுதப்படும் குடை ஒப்பந்தங்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.