பழைய ஃபில்டர் எங்கே, கண்ணு?

இந்த முறை கோயம்புத்தூரில் இருந்தது இருபத்தொரு நாள். அதில் நாலு நாள் ஒரு பழைய ஆயில் ஃபில்டருக்காகவே அலைந்தேன். கல்யாணம், குலதெய்வம் கோயில், பேங்க் வேலை எல்லாம் நல்லபடியாக முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சித்தி மகன் இரண்டு வருடம் முன்பு பெங்களூரில் ஒருவரிடமிருந்து 2007 மாடல் போர்ஷே கேமன் எஸ் கார் வாங்கினான். நான் இருப்பது ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில், அந்த கம்பெனியின் சொந்த ஊரில். அதனால் வண்டிக்குத் தும்மல் வந்தாலும் முதல் போன் எனக்குத்தான். நான் வந்து இறங்கிய மூன்றாம் நாள், ஆயில் மாற்றக் கொடுத்திருந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து அவனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வடித்த கறுப்பு ஆயிலில் வெள்ளியாக மின்னும் துகள்கள். கீழே ஒரே வரி: எஞ்சின் உள்ளே தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். சாயங்காலத்துக்குள் எஸ்டிமேட்டும் வந்துவிட்டது. 26 லட்சம்.

அந்த எஞ்சினைப் பற்றித் தெரிந்த யாருக்கும் வயிறு கலங்கும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டிலிருந்து சுழற்சியை வாங்கி, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டின் செயின்களுக்குக் கொடுக்க நடுவில் ஒரு தண்டு ஓடுகிறது. அதைத் தாங்கும் பேரிங் நொறுங்கினால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். 2006 முதல் 2008 வரை வந்த மாடல்களில் அந்த பேரிங் பெரியது, கொஞ்சம் உறுதியானதும்கூட. ஆனால் மாற்ற வேண்டுமென்றால் எஞ்சின் பெட்டியையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். போதாக்குறைக்கு, இதே எஞ்சினில் சிலிண்டர் சுவரில் கோடு விழும் வியாதியும் உண்டு.

மறுநாள் காலையில் நேரில் போனேன். கண்ணாடிக் கட்டடம், ஏசி, காபி மிஷின், உட்கார லெதர் சோபா. "காந்தத்தில் ஒட்டியதா?" என்று கேட்டேன். "சார், மெட்டல் வந்தாலே எஞ்சின் போச்சு சார்" என்றார் அட்வைசர். ஃபில்டரைப் பிரித்துப் பார்த்தீர்களா என்று கேட்டால், "பழைய ஃபில்டரை எறிஞ்சுடுவோம் சார், புதுசு போட்டாச்சு." வடித்த ஆயிலும் பீப்பாய்க்குள் போய்விட்டது. மிச்சம் அந்தப் படம் ஒன்றுதான். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ஸ்டுட்கார்ட்டில் அப்பாயின்ட்மென்டுக்கே மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், வேலை நேரத்தை ஆறு நிமிடக் கணக்கில் வெட்டி பில் போடுவார்கள். ஆனாலும் நான் போகும் கடையில் கழற்றிய சாமானைக் கேட்டால் பையில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். அந்த ஊரின் சோபாவை இங்கே கொண்டுவந்தவர்கள் இந்த ஒரு பழக்கத்தை ஏன் விட்டுவிட்டார்கள்?

வண்டியை ஓட்டாமல் லாரியில் ஏற்றி ஆவாரம்பாளையத்துக்குக் கொண்டுபோனோம். அப்பாவின் பிரீமியர் பத்மினியைப் பார்த்த அதே அண்ணன், அதே பட்டறை. சிறுவயதில் அங்கே லேத் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து டீயும் வர்க்கியும் சாப்பிட்டிருக்கிறேன். செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தபிறகு ரேஸ் எஞ்சின்களும் அவரிடம் வரத் தொடங்கியிருந்தன. படத்தைப் பார்த்தார், பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம் கேட்டது ஒன்றுதான்: "பழைய ஃபில்டர் எங்கே, கண்ணு?"

அதற்காக மூன்று முறை போனேன். இல்லை, குப்பை வண்டியில் போய்விட்டது, மேனேஜர் லீவு என்று ஒவ்வொரு முறையும் ஒரு பதில். மூன்றாவது முறை, பின்பக்கம் வண்டி கழுவிக்கொண்டிருந்த பையன், "அண்ணா, அந்த டிரம்முல இருக்குமுங்க" என்றான். அவனே கையை விட்டுத் துழாவி எடுத்தான். அந்த வண்டிக்கு வரும் ஃபில்டர் காகித மடிப்பு வகை, வேறு எந்த காரின் தகர ஃபில்டரோடும் குழம்பாது. அந்தப் பையனுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்த அரை மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். அண்ணன் காகிதத்தை பிளேடால் அறுத்து, விசிறி போல விரித்து, எவர்சில்வர் தட்டில் பெட்ரோல் ஊற்றி அலசினார். தகர ஃபில்டராக இருந்தாலும் ஹேக்சா வைத்து அறுக்கக் கூடாதாம், ரம்பம் உதிர்க்கும் இரும்புத்தூளே உள்ளே விழுந்து ஆளை ஏமாற்றிவிடும். ஸ்பீக்கர் காந்தத்தை பாலிதீன் கவரில் சுற்றித் தட்டில் உலாவவிட்டார். மெல்லிய கறுப்புப் பசை கொஞ்சம் ஒட்டியது. இத்தனை கிலோமீட்டர் ஓடிய எஞ்சினில் அது இருக்கத்தான் செய்யும். பேரிங் உடைந்திருந்தால் இரும்புச் சில்லு முள்முள்ளாக நிற்கும் என்றார். பேரிங் தேய்ந்தால் தெரியும் செம்பு நிறம் எங்கும் இல்லை, செயின் உரசும் பிளாஸ்டிக் துணுக்கும் இல்லை. மடிப்புகள் சுத்தமாக இருந்தன.

"ஆயில்ல அவ்வளவு மின்னுது, ஃபில்டர்ல ஒண்ணுமில்ல. அப்ப அது எஞ்சினைச் சுத்தி வரல" என்று சொல்லிவிட்டு, கீழே சுத்தமான தட்டை வைத்து ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றினார். கடைசி இரண்டு சுற்று இறுக்கமாக உரசிக்கொண்டே வந்தது. போல்ட்டின் மரையில் வெள்ளிச் சுருள்கள் சிக்கியிருந்தன. தேய்மானத்தில் வரும் துகள் தட்டைச் செதிலாகவோ பொடியாகவோ இருக்கும். சுருண்டு வந்தால் ஏதோ ஒரு முனை செதுக்கியிருக்கிறது என்று அர்த்தம். சுருளை காந்தம் தொடவில்லை. பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைச் சூடாக வைத்தார், உருகவில்லை. ஆக, பேரிங் மேல்பூச்சில் வரும் ஈயமும் வெள்ளீயமும் இல்லை. காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டதும் நுரைத்துப் பொங்கியது. அலுமினியம். யாரோ எப்போதோ போல்ட்டைக் கோணலாக ஏற்றி, பலம்கொண்ட மட்டும் இறுக்கியிருக்கிறார்கள். ஆயில் தேங்கும் அடிப்பெட்டியான சம்ப் அலுமினியம் என்பதால் அதன் மரைதான் செதுக்குப்பட்டு, திறக்கும்போது ஆயிலோடு கொட்டியிருக்கிறது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜெர்மனியில் இதே ஆயிலை பாட்டிலில் அடைத்து லேபுக்குத் தபாலில் அனுப்பியிருப்பேன். ஒவ்வொரு உலோகமும் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று தாள் வரும். மெதுவான தேய்மானத்தைக் கண்காணிக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அந்தக் கருவிக்கு சில மைக்ரான் அளவுத் துகள்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியும் சுருள் அதன் கணக்கில் சரியாக வராது.

ஆனாலும் அண்ணன் அதோடு விடவில்லை. ஸ்பார்க் பிளக் துளை வழியாக கேமராக் குழாயை விட்டு ஆறு சிலிண்டரையும் காட்டினார், கோடு இல்லை. சம்பைக் கழற்றிக் கழுவி, கெட்ட மரைக்குள் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையைப் போட்டு, புது போல்ட்டை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் வைத்து இறுக்கினார். எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய், ஆயில் தனி. கூடக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார்.

"ஆழியார் வரைக்கும் ரெண்டு தடவை போய்ட்டு வந்து மறுபடி ஃபில்டரைப் பிரிச்சுப் பார்க்கோணும், அப்பத்தான் நான் உறுதியாச் சொல்லுவேன்" என்றார். பொள்ளாச்சி ரோட்டில் தம்பி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆறு சிலிண்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனேன். ஃபிளைட் ஏறும் நாள் காலையில் பட்டறையில் மறுபடி அதே தட்டு, அதே காந்தம். அண்ணன் ஈரக் காகிதத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். ஒரு மடிப்பிலும் மினுக்கம் இல்லை. அதை பிளாஸ்டிக் கவரில் கட்டி, தேதியும் கிலோமீட்டரும் எழுதி, வண்டியின் டிக்கியில் வைக்கச் சொல்லி தம்பியிடம் கொடுத்துவிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினேன்.