வெளிர் சாம்பல் சுவர்களோடு ஐந்து ஆண்டுகள்

சுவர் காய்ந்த அன்று மாலை விளக்கைப் போட்டதும் அம்மா கேட்டார்: "சாம்பல் நிறம் அடிக்கப்போவதாகத்தானே சொன்னாய்? இது கத்தரிப்பூ நிறமாக அல்லவா இருக்கிறது!" அவர் சொன்னது சரிதான். ஷேட் கார்டை எடுத்து வந்து சுவரோடு ஒட்டவைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே நிறம். கலவையில் பிழை இல்லை. பெயின்டரின் வேலையிலும் குறை இல்லை. கார்டில் சாம்பலாக இருந்த நிறம் எங்கள் கூடத்துக்குள் வந்ததும் ஊதாவாகிவிட்டது.

கண் பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எட்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன், பழகவில்லை. பிறகு கூடத்தை மட்டும் மறுபடி அடித்தோம். இப்போது கூடம், படுக்கையறை, படிப்பறை மூன்றிலும் வெவ்வேறு வெளிர் சாம்பல் இருக்கிறது. முதல் கோட்டு அடித்து ஐந்து ஆண்டுகள் முடிந்துவிட்டன. கூடத்தின் இரண்டாவது நிறத்தை இன்றைக்கும் விரும்புகிறேன். படுக்கையறையை இந்த ஆண்டு மாற்றப்போகிறேன். இதே நிறத்தை அடிக்க நினைப்பவர்கள் என்னைப்போல் இரண்டு முறை செலவு செய்யக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் கூடத்தின் தரை தவிட்டு நிற ஓடு. மஞ்சள் கலந்த பழுப்பு. மஞ்சளுக்குப் பக்கத்தில் நிற்கும் சாம்பல் கண்ணுக்கு நீலமாகவும் ஊதாவாகவும் தோன்றும். அதையே சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பச்சை காட்டும். பிரான்சின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரல் இந்த விஷயத்தைத்தான் ஆராய்ந்தார். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தபோது சாயத்தைச் சோதித்தார். சாயத்தில் குறை இல்லை. கறுப்புக்கு அருகில் நெய்திருந்த நிறங்களே அதை மங்கலாகக் காட்டின என்று கண்டுகொண்டார். 1839-இல் இதை நூலாகவும் வெளியிட்டார். பளிச்சென்ற நிறங்களைவிடச் சாம்பல்தான் இந்த விதிக்கு முதலில் பணிகிறது. தனக்கென்று அழுத்தமான நிறம் இல்லாததால் பக்கத்தில் இருப்பது எதுவோ அதற்கு எதிரான சாயலை ஏற்றுக்கொள்கிறது.

பெயின்டுக்குள்ளேயே இருக்கும் சாயல் இதோடு சேர்ந்துகொள்கிறது. வெள்ளையில் கரிக்கறுப்பை மட்டும் கலந்தால் கிடைப்பது நடுநிலையான சாம்பல் அல்ல, நீலம் ஓடிய சாம்பல். அந்தக் குளிர்ச்சியைக் குறைக்க அம்பர் மண், மஞ்சள் காவி, செங்காவி போன்ற மண் நிறமிகளைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறார்கள். அதனால் 'வெளிர் சாம்பல்' என்ற ஒரே பெயரின் கீழ் நீலம் ஓடியது, பச்சை ஓடியது, ஊதா ஓடியது, தவிட்டு நிறம் ஓடியது எனப் பல நிறங்கள் கிடைக்கின்றன. கடைசி வகைக்கு 'கிரேஜ்' என்று பெயர். அமெரிக்கப் பெயின்ட் நிறுவனங்களான ஷெர்வின்-வில்லியம்ஸின் 'அக்ரீயபிள் கிரே', பெஞ்சமின் மூரின் 'ரெவீர் பியூட்டர்' ஆகிய பெயர்பெற்ற நிறங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. நான் முதலில் அடித்தது நீலம் ஓடிய சாம்பல். அதை மஞ்சள் தரைக்கு மேல் நிறுத்தினால் ஊதா தெரியாமல் என்ன செய்யும்?

ஒரு ஷேட் கார்டை மட்டும் தனியாகக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் எந்தச் சாம்பலும் சாம்பலாகத்தான் தெரியும். அதை வெறும் வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். பக்கத்தில் வேறு மூன்று சாம்பல்களை வையுங்கள். ஒன்று நீலமாகவும் இன்னொன்று பாசியாகவும் உடனே பிரிந்து நிற்கும். இன்னொரு வழியும் உண்டு. வெளிரிலிருந்து அடர்த்தி வரை ஒரே பட்டையில் அச்சிட்ட கார்டாக இருந்தால், அடியில் இருக்கும் மிக அடர்ந்த கட்டத்தைப் பாருங்கள். மேலே ஒளிந்திருக்கும் சாயல் அங்கே வெளிப்படையாக இருக்கும். நான் வாங்கிய கார்டின் அடிக்கட்டம் நல்ல கருநீலம். அன்றைக்கு அதைப் பார்க்கத் தோன்றவில்லை.

இரண்டாவது முறை மாதிரிப் பலகை செய்தேன். இரண்டடிக்கு இரண்டடி தடித்த அட்டை. அதில் இரண்டு கோட்டு பெயின்ட். சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை விட்டிருந்தேன். பழைய சுவரிலேயே ஒரு திட்டு அடித்துப் பார்ப்பது எளிதுதான், ஆனால் பழைய நிறம் சுற்றி நின்று புதிய நிறத்தைப் பொய்யாகக் காட்டும். பலகையென்றால் தரையை ஒட்டி வைக்கலாம், சோபாவுக்குப் பின்னால் நிறுத்தலாம், கதவு நிலைக்குப் பக்கத்தில் சாய்க்கலாம். மேசையில் படுக்கவைத்துப் பார்க்காதீர்கள். படுத்திருக்கும் பலகையில் விழும் வெளிச்சம் வேறு, நிற்கும் சுவரில் விழும் வெளிச்சம் வேறு. எமல்ஷன் பெரும்பாலும் ஈரத்தில் வெளிறித் தெரிந்து, காய்ந்ததும் ஒரு படி அடர்த்தியாகும். அதனால் அன்றே முடிவெடுக்கவில்லை. நான்கு பலகைகளோடு பத்து நாள் இருந்தோம். தவிட்டு நிறம் ஓடிய சாம்பல், ஓட்டுத் தரைக்கு மேல் வைத்தபோதுதான் சாம்பலாகத் தெரிந்தது. கார்டில் அது எனக்குச் சற்றும் பிடிக்காத நிறம். அழுக்கேறிய வெள்ளை என்று ஒதுக்கியிருந்தேன். நான்கு ஆண்டுகளாக எங்கள் கூடத்தில் இருப்பது அதுதான்.

ஆகவே முதலில் சுவரைப் பார்க்காதீர்கள். மாற்ற முடியாதவற்றைப் பாருங்கள்: தரை, மரக் கதவு, சமையல் மேடையின் கல், ஜன்னல். அவற்றுக்குப் பொருந்தும் சாம்பலே உங்கள் சாம்பல். வேறொருவர் வீட்டுப் படத்தில் கண்ட நிறம் அவருடைய தரைக்கும் அவருடைய ஜன்னலுக்கும் உரியது.

அடுத்து எண். பெரிய நிறுவனங்கள் பலவும் ஒவ்வொரு நிறத்துக்கும் எல்.ஆர்.வி. என்ற ஒளிபிரதிபலிப்பு மதிப்பைத் தருகின்றன. 0 முழுக் கறுப்பு, 100 முழு வெள்ளை. வீட்டுக்குள் அடிக்கும் வெளிர் சாம்பல்கள் ஏறக்குறைய 55-இலிருந்து 75-க்குள் அடங்கும். மேலே சொன்ன அக்ரீயபிள் கிரேயின் மதிப்பு 60. ஐந்து புள்ளி வித்தியாசம் கார்டில் கண்ணுக்கே தெரியாது. நான்கு சுவரிலும் அடித்தால் நன்றாகத் தெரியும். எங்கள் கூடத்தில் இருப்பது 66. இரண்டு பெரிய ஜன்னல்கள் உள்ள அந்த அறைக்கு அது போதும். படுக்கையறையில் 54 அடித்தேன், பச்சை ஓடிய சாம்பல். அங்கே ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்துச் சுவரைப் பார்த்தது. இரவில் மேசை விளக்கு மட்டும் எரியும்போது அந்த அறை அத்தனை அமைதியாக இருக்கும். பகலிலோ மழை வரப்போகும் வானம்போல் மூடிக்கொண்டு கிடக்கும். காலையில் எழுந்ததும் மணி என்னவென்று குழம்பியிருக்கிறேன். வெளிச்சம் குறைந்த அறையைச் சாம்பல் ஒருபோதும் வெளிச்சமாக்காது; இருக்கும் மங்கலை இன்னும் மங்கலாக்கும்.

படிப்பறையின் கதை நேர்மாறானது. கூடத்துக்கு வாங்கி மிஞ்சிய அதே நீலம் ஓடிய சாம்பலை, வீணாக்க மனமில்லாமல் அங்கே அடித்தோம். மேற்கு ஜன்னல், பிற்பகல் முழுவதும் மஞ்சள் வெயில், தரை வெள்ளை. கூடத்தில் கத்தரிப்பூவாக இருந்தது அங்கே தூய சாம்பல். வெயிலின் மஞ்சளும் பெயின்டின் நீலமும் ஒன்றையொன்று அடக்கிவிடுகின்றன. நேரடி வெயில் படாத அறையில் இது நடக்காது. வானத்திலிருந்து வரும் வெளிச்சமே நீலம் கலந்தது என்பதால், அங்கே நீலம் ஓடிய சாம்பல் இன்னும் குளிர்ந்துபோகும். அப்படிப்பட்ட அறைக்குத் தவிட்டு நிறச் சாயல் உள்ளதை எடுப்பதே நல்லது.

பல்புகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, நானும் எடுக்கவில்லை. விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; எண் கூடினால் ஒளி நீலமாகும், குறைந்தால் மஞ்சளாகும். கூடத்தில் முன்பு 6500 கெல்வின் வெள்ளை விளக்குகள் இருந்தன. அந்த ஊதாவில் பாதி அவற்றின் வேலை. மறுபடி பெயின்ட் அடித்தபோது 3000 கெல்வினுக்கு மாற்றினேன். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. மதிப்பு 90-க்கு மேல் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். 2700 கெல்வினில் வெப்பச் சாயல் உள்ள, அதாவது தவிட்டு நிறம் ஓடிய, சாம்பல் கிட்டத்தட்ட மஞ்சள் பழுப்பாகிவிடும். அது எனக்கு வேண்டாமென்று தோன்றியது. இன்னொன்று: ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும் இரண்டு நிறங்கள் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துபோகலாம். பகலில் சுவரோடு அச்சாகப் பொருந்திய ஒரு திரைத்துணி, விளக்குப் போட்டதும் பச்சையாகத் தெரிந்தது. திரை வாங்குவதற்கு முன் ஒரு துண்டுத் துணியை இரவிலும் சுவரோடு பிடித்துப் பாருங்கள்.

எதை எதோடு சேர்ப்பது என்பதில் நான் மிகுதியாகக் கற்றது வெள்ளையைப் பற்றி. கதவு நிலைக்கும் உட்கூரைக்கும் 'வெள்ளைதானே' என்று கிடைத்ததை அடித்துவிடுவோம். வெண்ணெய் போன்ற மஞ்சள் வெள்ளையைச் சாம்பல் சுவருக்குப் பக்கத்தில் அடித்தால், வெள்ளை பழசாகித் தெரியும், சுவர் நீலமாகும். இரண்டுக்கும் கேடு. கூடத்தில் உட்கூரைக்கு எந்தச் சாயலும் இல்லாத தட்டை வெள்ளை, நிலைகளுக்கு அதே வெள்ளையைச் சற்று மினுமினுப்போடு அடித்தோம். சுவர் அதன் பிறகுதான் தெளிந்தது. உட்கூரைக்கும் சாம்பலையே அடிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது, செய்யாதது நல்லதாயிற்று. தாழ்ந்த கூரைக்கு அது பாரம்.

மரத்தில் தேக்கு, வால்நட் போன்ற ஆழ்ந்த பழுப்புகள் வெப்பச் சாயல் உள்ள சாம்பலோடு சொல்லிவைத்தாற்போல் சேர்கின்றன. செம்மை ஏறிய மரத்துக்கு அருகில் சாம்பல் பச்சையாகத் தெரிவதை எங்கள் பழைய அலமாரிக்குப் பின்னால் இப்போதும் பார்க்கிறேன். துணிகளில் மஞ்சள் காவி மெத்தையுறைகள் இரண்டும் செம்மண் நிற விரிப்பு ஒன்றும் போட்ட பிறகு கூடத்துக்கு உயிர் வந்தது. மயில்கழுத்து நிறத்தில் ஒரு நாற்காலி வாங்கினோம். அறைக்குள் நுழைபவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். சாம்பல் சோபாவை மட்டும் சாம்பல் சுவருக்கு முன் போடாதீர்கள். ஒரே நிறம் என்று வாங்கினாலும் சாயல் ஒத்துப்போகாது. இரண்டில் ஒன்று அழுக்காகத் தெரியும். போட்டே ஆகவேண்டுமென்றால் சுவரைவிட நான்கைந்து படி அடர்ந்த கரிச்சாம்பலாக எடுங்கள். செடிகளின் பச்சை எந்தச் சாம்பலுக்கும் பொருந்தியது. அதில் ஒரு முறைகூட ஏமாற்றம் இல்லை.

உழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூசியை வெளிர் சாம்பல் வெள்ளையைவிட நன்றாகவே மறைக்கிறது. ஆனால் கைபட்ட எண்ணெய்த் தடம் வெள்ளையைவிடக் கூடுதலாகத் தெரிகிறது. சுவிட்சுகளைச் சுற்றியும் நாற்காலி முதுகு உரசும் இடத்திலும் இரண்டாம் ஆண்டே கறை விழுந்தது. படுக்கையறையில் அடித்தது மினுமினுப்பே இல்லாத முழு மேட் பெயின்ட். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்ததும் அந்த இடம் மட்டும் பளபளத்து, பக்கவாட்டில் பார்த்தால் தழும்புபோல் நிற்கிறது. கூடத்தில் இலேசான மினுமினுப்புள்ள சாட்டின். அது துடைப்பதைத் தாங்குகிறது, ஆனால் பட்டி பார்த்ததில் இருந்த மேடுபள்ளத்தையெல்லாம் மாலை வெயிலில் காட்டிக்கொடுக்கிறது. சுவர் மட்டமாக இல்லையென்றால் மேட்தான் பாதுகாப்பு. கைபடும் இடமென்றால் சாட்டின். இரண்டையும் ஒரே பெயின்டில் எதிர்பார்த்தால் கிடைக்காது.

மிஞ்சிய பெயின்டில் மூன்றாம் ஆண்டு ஒரு கீறலைத் திருத்தினேன். அதே டப்பா, அதே நிறம், ஆனாலும் திட்டு தெரிந்தது. சுவரில் இருந்தது வெயிலும் தூசியும் பட்ட நிறம். கீறலை மட்டும் தொடாமல், ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை அந்தச் சுவர் முழுவதையும் ஒரு கோட்டு அடித்த பிறகே சரியானது. பெயின்ட் அடிக்கும் முன் எல்லா டப்பாக்களையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளச் சொல்லுங்கள். டப்பாவுக்கு டப்பா சிறிது வேறுபாடு இருக்கும். வேறு நிறத்தில் அது கண்ணுக்குப் படாமல் போகலாம், சாம்பலில் படும். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் கலவைச் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டப்பா துருப்பிடித்த பிறகு சீட்டைப் படிக்க முடியாது.

படுக்கையறைக்கு இப்போது இரண்டு பலகைகள் தயார். இரண்டிலும் தவிட்டு நிறம் இலேசாக ஓடுகிறது. ஒன்று 68, மற்றொன்று 73. கட்டிலுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன். பகலில் 73-தான் அறையைத் திறக்கிறது. இரவு மேசை விளக்கில் 68-இன் மேல் கண் தங்குகிறது. அம்மாவும் இரண்டையும் பார்த்துவிட்டார். இரண்டுமே சாம்பல்தான் என்கிறார்.