கால்வாய்க் கரைக் கொசுவுக்கு நொச்சியா, வேம்பா, தைல மரமா?

வியாசர்பாடியில் கேப்டன் காட்டன் கால்வாய்க்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கிறேன். எங்கள் பகுதி மகளிர் சுயஉதவிக் குழுவினர் மூலிகைக் கொசுவிரட்டி ஒன்றைத் தயாரித்து விற்க விரும்பி, எந்தச் செடியை நம்பி இறங்கலாம் என்று வேதியியல் படித்தவன் என்ற முறையில் என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் எந்தக் கொசு என்று பார்க்க வேண்டும். பக்கிங்காம் கால்வாயிலும் ஓட்டேரி நல்லாவிலும் தேங்கும் சாக்கடை நீரில் பெருகி, இரவெல்லாம் கடிப்பது கியூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது இதுவே. லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம்மில் வளர்ந்து பகலில் கடிப்பது டெங்குவைப் பரப்பும் ஏடிஸ். கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளரும் அனாபிலிஸ் ஸ்டெஃபென்சி நகரத்து மலேரியாவுக்குக் காரணம். ஆகவே, ஒரு கொசுவிடம் பலித்த மூலிகை மற்றொன்றிடமும் பலிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

குழுவினரின் முதல் விருப்பம் நொச்சி. சென்னை மாநகராட்சியே ஒரு காலத்தில் நொச்சிக் கன்றுகளை வீடுகளுக்கு வழங்கியதால், அதன் மேல் மக்களுக்குத் தனி நம்பிக்கை உண்டு. ஆனால் தொட்டியில் சும்மா நிற்கும் செடி கொசுவை விரட்டும் அளவுக்குத் தன் மணத்தைக் காற்றில் விடுவதில்லை. இலையைக் கசக்கவோ சூடாக்கவோ வேண்டும். என் அம்மா மண்சட்டியில் தேங்காய் நாரைப் பற்ற வைத்து, காய்ந்த நொச்சி இலையை மேலே போட்டு, வீட்டின் மூலை மூலையாகக் காட்டுவார். கொசு உண்மையிலேயே விலகும். ஆனால் பத்துக்குப் பத்து அறையில் அந்தப் புகை வெளியேற வழியில்லாமல், பாயில் படுத்திருக்கும் பிள்ளை இருமத் தொடங்கும். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்கு இருக்கும் என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இலைப் புகை என்பதற்காக நுரையீரல் அதற்குச் சலுகை தராது. எனவே, நொச்சியைப் புகையாக விற்பதை நான் ஏற்கவில்லை.

சிட்ரோனெல்லா புல்லின் எண்ணெய் எளிதில் கிடைக்கும், மணமும் பலருக்குப் பிடிக்கும். ஆனால் 2002இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒப்பீட்டில், சிட்ரோனெல்லா கலந்த பொருள்கள் ஏடிஸ் கொசுவிடமிருந்து 20 நிமிடம்கூடக் காப்பாற்றவில்லை, 23.8 சதவீத டீட் என்ற செயற்கை விரட்டி ஏறத்தாழ 5 மணி நேரம் தாங்கியது. தனியாக இதை வைத்துத் தொழில் தொடங்குவது வீண்.

வேப்பெண்ணெயின் கதை வேறு. 1993இல் டெல்லி மலேரியா ஆராய்ச்சி மையத்தினர், தேங்காயெண்ணெயில் 2 சதவீதம் மட்டும் வேப்பெண்ணெய் கலந்து பூசினால் அனாபிலிஸ் இனங்களிடமிருந்து 12 மணி நேரம் முழுப் பாதுகாப்பு கிடைப்பதாக வெளியிட்டார்கள். செக்கில் ஆட்டிய எண்ணெய் நம் கடைத்தெருவிலேயே கிடைக்கிறது, செலவும் மிகக் குறைவு, புகையும் இல்லை. ஆயினும் மற்ற கொசு இனங்களிடம் பலன் அந்த அளவுக்கு இல்லை என்பதை மறைக்கக் கூடாது. நான் கலவையை ஒரு வாரம் பூசிக்கொண்டு படுத்தேன்: இரவு கடி குறைந்தது, காலையில் தலையணை உறையில் மஞ்சள் கறையும் கசந்த நெடியும் மிஞ்சின. அந்த நெடியோடு பள்ளிக்கோ மின்சார ரயிலுக்கோ யாரும் போக மாட்டார்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போனால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. விரல் சூப்பும் குழந்தையின் கையில் அதைத் தடவவே கூடாது.

எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது எலுமிச்சை மணமுள்ள தைல மரம். ஊட்டியில் வாங்கி வரும் யூகலிப்டஸ் தைலம் வேறொரு மர வகையிலிருந்து வருவது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். இந்த மரத்தின் இலையைக் காய்ச்சி வடித்தால் வரும் எண்ணெயில் பெரும்பகுதி சிட்ரோனெல்லால் என்ற வேதிப்பொருள். அது விரைவில் ஆவியாகிவிடும். வடித்த பின் எஞ்சும் கழிவிலேதான் கொசுவை விரட்டும் பி.எம்.டி. என்ற பொருள் மிகுதியாக இருப்பதைச் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அங்கே அதன் பெயர் குவென்லிங். பி.எம்.டி. மெதுவாக ஆவியாவதால் தோலில் நெடுநேரம் தங்குகிறது. சிட்ரோனெல்லாலை அமிலத்தின் உதவியால் பி.எம்.டி.யாக மாற்றவும் முடியும். 2005இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், குறைந்த செறிவுள்ள டீட்டுக்கு நிகரான பாதுகாப்பு என்று கூறி இதைத் தன் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆகாது என்பவை இதன் குறைகள். அமிலத்தைக் கையாளும் வேலையைச் சமையலறையில் செய்ய முடியாது என்பது குழுவுக்குப் பெரிய தடை.

உண்மையில், புதிதாக ஒரு செடியைத் தேடுவதைவிட, தெரிந்த செடியின் மணத்தைத் தோலில் பிடித்து வைக்கும் வழியைத் தேடுவதே பயன் தரும் என்பது என் கருத்து. தாய்லாந்து ஆய்வாளர்கள் மஞ்சள், சிட்ரோனெல்லா போன்றவற்றின் எண்ணெயோடு 5 சதவீதம் வனிலின் சேர்த்தபோது, ஏடிஸ், அனாபிலிஸ், கியூலெக்ஸ் ஆகிய மூன்று இனங்களிடமிருந்தும் கூண்டுச் சோதனையில் (மருந்து பூசிய கையைக் கொசுக்கள் உள்ள கூண்டுக்குள் நுழைத்துப் பார்ப்பது) 8 மணி நேரம் வரை பாதுகாப்பு கிடைத்தது. பாயசத்துக்கு மணம் தரும் பொருள் மணத்தைக் கட்டிப்போடவும் உதவுகிறது! ஆனால் அது கூண்டுக் கணக்கு. மே மாதத்தில் கொருக்குப்பேட்டைத் தகரக் கூரையின் கீழ் வேர்வை வழியும் கையில் அது எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதைத் தனியே சோதிக்க வேண்டும்.

கொசுவிரட்டியாக விற்க வேண்டுமானால், 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவும் தேவை. மூலிகை என்று அச்சிட்டு, பதிவு எண்ணே இல்லாமல், உள்ளே செயற்கை மருந்து கலந்த ஊதுவத்திகள் பெட்டிக் கடைகளில் தொங்குவதைப் பார்க்கும்போது, அந்த எண்ணின் அருமை தெரிகிறது.

ஆகவே, வேப்பெண்ணெய்க் கலவையை விற்பனைக்கு இல்லாமல் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் இரவுப் பயன்பாட்டுக்கு மட்டும், கொசுவலையோடு சேர்த்து, வைத்துக்கொள்ளுமாறு குழுவினரிடம் சொன்னேன். விற்பனைக்கு உரியது பி.எம்.டி. கலந்த களிம்புதான், அதற்குத் தரமான மூலப்பொருளை வெளியே வாங்கி, பகலில் ஏடிஸ் கடிக்கும் பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் வைத்து, வனிலின் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு மாதிரிகள் செய்ய வேண்டும். அவற்றை முறையான கூண்டுச் சோதனைக்கு அனுப்பி முடிவு வரும்வரை, குப்பியின் மேல் எத்தனை மணி நேரம் என்று எழுத வேண்டிய இடம் காலியாகவே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன், அவர்களும் சம்மதித்தார்கள்.