ஹீட்டர் திருத்த ஆள் கூப்பிடுகிறவர்கள் கவனம்: 18,500 ரூபாய் போய்விட்டது

இரவு முழுக்க நித்திரை இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் தண்ணீர்த் தாங்கியைப் போன கிழமை கழுவினார்கள். மறுநாள் குளியலறை இன்ஸ்டன்ட் ஹீட்டரில் லைட் எரிகிறது, தண்ணீர் வருகிறது, சூடு மட்டும் இல்லை. அம்மாவுக்கு மூட்டுவலி, பச்சைத்தண்ணீர் ஆகாது. திருத்துகிறவர்களை வீட்டுக்கே அனுப்பும் ஓர் ஆப்பில் ஆள் கேட்டேன்.

வந்த பையன் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினான். "முழங்காலா அம்மா? எங்கட அம்மாவுக்கும் இதே கரைச்சல்தான்" என்றான். அதோடு அம்மா அவன் பக்கம். நானும்தான், பிளேன்டீ ஊற்றக் குசினிக்குள் போய்விட்டேனே! திரும்பி வந்தால் அவன் கையில், தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்ட் ஒன்று கருகிப்போய். "பாருங்கோ அக்கா, போர்டும் போயிட்டுது." இரண்டும் மாற்ற 18,500 ரூபாய். காசாகக் கேட்டான், பில் ஆப்பில் வரும் என்றான். சுடுதண்ணீர் வந்தது, எண்ணிக் கொடுத்தேன்.

நான்காம் நாள் பழைய கதை. கோல் எடுத்தால் "நாளைக்கு வாறன்". அடுத்த நாள் "தெஹிவளையில வேலையா நிக்கிறன்". பிறகு "உங்கட தண்ணிதான் பிழை அக்கா". அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. ஆப்காரரோ கையில் கொடுத்த காசுக்குத் தாங்கள் பொறுப்பில்லையாம். 18,500!

கடைசியில், வயரிங் வேலை செய்து ஓய்ந்த கீழ்வீட்டு மாமா மெயினை நிறுத்திவிட்டு மூடியைத் திறந்தார். 'புது' போர்டின் ஓரத்தில் பல்லி முட்டைக் கோது ஒன்று ஒட்டிக் காய்ந்து கிடந்தது. எலிமெண்டின் ஸ்க்ரூக்களில் பழைய துரு அப்படியே. ஒன்றையும் அவன் மாற்றவில்லை.

கோளாறு ஃபுளோ சுவிட்சில். தண்ணீர் ஓடும்போது உள்ளே காந்தம் வைத்த சின்ன முளை ஒன்று மேலே எழும்ப வேண்டும். அது எழும்பினால்தான், காந்தம் கிட்ட வந்தால் ஒட்டுகிற பக்கத்து ரீட் சுவிட்ச் ஒட்டி, எலிமெண்டுக்குக் கரண்ட் போகும். மாமா மீட்டரை ரீட் சுவிட்சின் இரண்டு வயரிலும் வைத்துவிட்டுத் தண்ணீரைத் திறந்தார். சுவிட்ச் ஒட்டினால் மீட்டர் சத்தம் போட வேண்டும், சத்தமில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனதும் மீட்டர் 'பீப்' என்றது. சுவிட்ச் நல்லது, முளைதான் இறுகிவிட்டது. கழற்றினால் தாங்கி மண். அவன் தட்டிக் கொட்டியதில் கொஞ்சம் இளகித்தான் மூன்று நாள் ஓடியிருக்கிறது. பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவினோம், வேலை முடிந்தது. செலவு ஒரு சதமும் இல்லை.

விவரமாகச் சொல்லத்தான் நினைத்தேன், கை நடுங்குகிறது. தாங்கி கழுவினால் ஹீட்டருக்குத் தண்ணீர் நுழைகிற இடத்து வலையைக் கழுவுங்கள். ஆள் மூடியைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், தேத்தண்ணி பிறகு. ஃபுளோ சுவிட்சைத் தவிர்த்து வயரை நேரடியாக இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் விடவே விடாதீர்கள், தண்ணீர் ஓடாமலே எலிமெண்ட் கொதிக்கும்.

அவன் அடுத்த தரம் வந்தால் டீக்குச் சீனி கூடப் போடச் சொன்னானாம், அம்மா இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.