கிரவுண்ட்ஹாக் தொல்லை: கூண்டா, புகையா, வேலியா?

நியூ ஜெர்சியிலோ டொராண்டோ பக்கமோ வீட்டுக்குப் பின்னால் பீன்ஸும் பட்டாணியும் போடுபவர்கள், முதலில் யார் தின்றது என்று பார்க்க வேண்டும். மான் என்றால் இலை கிழிந்து தொங்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. தண்டு சீராக வெட்டுப்பட்டிருந்து, ஷெட்டுக்கு அடியில் ஓரடி அகல வளையும் அதன் வாசலில் புதுமண் குவியலும் இருந்தால் கிரவுண்ட்ஹாக்தான்.

அணில் குடும்பம்தான், ஆனால் 2 முதல் 6 கிலோ வரை எடை. குளோவரும் டேன்டிலயனும் புல்லும் அதன் அன்றாடச் சாப்பாடு. பக்கத்திலேயே பீன்ஸ், லெட்யூஸ், புரோக்கோலி கிடைத்தால் விடுமா? அக்டோபர் வாக்கில் தூங்கப் போய் பிப்ரவரி, மார்ச்சில்தான் எழும். அத்தனை மாதத்துக்கான கொழுப்பையும் கோடையிலேயே சேர்த்தாக வேண்டும்.

பலரும் முதலில் வாங்குவது கூண்டு. உள்ளே முலாம்பழத் துண்டு வைத்தால் சிக்கும். அப்புறம்தான் சிக்கல். மாசசூசெட்ஸில் பிடித்த விலங்கை வேறிடத்தில் கொண்டுபோய் விடுவது சட்டவிரோதம். ஒன்டாரியோவில் பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள் விட வேண்டும். அது திரும்பி வர அது ஒரு தூரமா? வசந்தத்தில் தாயைப் பிடித்தால் வளைக்குள் குட்டிகள் பட்டினியில் சாகும். இதையெல்லாம் தாண்டினாலும், காலியான வளை காலியான வாடகை வீடு மாதிரி, சீக்கிரமே இன்னொன்று குடிவந்துவிடும்.

கொளுத்தி வளைக்குள் போடும் புகைக் குழாய் சோயா வயல்காரர்களுக்கு உதவும். சோடியம் நைட்ரேட்டும் கரியும் எரிந்து வளைக்குள் கார்பன் மோனாக்சைடு நிரம்பும். ஆனால் அது நெருப்பு. ஷெட், வீடு, மரத்தளம் பக்கத்தில் கொளுத்தவே கூடாது. நம் தோட்டங்களில் வளை இருப்பதோ பெரும்பாலும் அங்கேதான். மண் குவியல் இல்லாத மறைவான இரண்டாவது வாசலை அடைக்காவிட்டால் புகை வெளியே போய்விடும். உள்ளே முயலோ ஸ்கங்கோ தங்கியிருந்தால் அதுவும் சாகும். மிளகாய்த் தெளிப்பு ஒரு மழைக்குத் தாங்காது.

என் ஓட்டு வேலிக்குத்தான். செலவும் முதுகுவலியும் ஒரே தடவை. ஆனால் சாதாரண வேலி போதாது, இதற்குத் தோண்டவும் தெரியும், ஏறவும் தெரியும். தரைக்கு மேல் மூன்று, நான்கு அடி நிற்கும்படி கம்பிவலை எடுங்கள். கீழே ஓரடியை வெளிப்பக்கமாக மடக்கி மண்ணுக்குள் புதையுங்கள். வேலியோரம் தோண்டினால் வலைதான் தடுக்கும். மேலே ஓரடியைக் கம்பத்தில் கட்டாமல் தளர்வாக வெளிப்பக்கம் வளைத்து விடுங்கள். ஏறும்போது அது ஆடும், பிடிமானம் கிடைக்காமல் இறங்கிவிடும். அப்படியும் அடங்காததற்கு, வேலிக்கு வெளியே தரையிலிருந்து நான்கைந்து அங்குல உயரத்தில் ஒரு மின்கம்பி.

ஷெட்டைச் சுற்றியும் இதே வலையைப் புதைக்கலாம், உள்ளே எதையும் அடைத்துவிடாமல். குட்டிகள் பிரிந்து போன பிறகு, தூக்கத்துக்கு முன், ஆகஸ்ட் பிற்பகுதியோ செப்டம்பரோ சரியான நேரம். எல்லா வாசல்களிலும் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து இரண்டு மூன்று நாள் பாருங்கள். தாள் அசையாமல் இருந்தால் வலையை இறக்குங்கள்.