நெற்றி விளக்கின் பேட்டரியும் உறையில் அச்சிட்ட எண்ணும்: மூன்றாண்டு அனுபவம்

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு நாட்டுப்படகில் அண்ணன் இரவுத் தொழிலுக்குப் போகிறார். அவர் நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்குக்குப் பேட்டரி சார்ஜ் செய்து கொடுப்பது மூன்றாண்டுகளாக என் பொறுப்பு. 18650 என்று பெயரிடப்பட்ட லித்தியம் அயான் செல்கள் அவை. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்.

முதலில் வாங்கிய நான்கு செல்களின் உறையில் 9900 எம்ஏஎச் (மில்லியாம்பியர் மணி, செல்லில் அடங்கும் மின்னின் அளவு) என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதை நம்பினால், ஒரு ஆம்பியர் எடுக்கும் விளக்கு ஏறத்தாழப் பத்து மணி நேரம் எரிய வேண்டும். ஆனால் முதல் இரவே, ஏற்றி ஒரு மணி நேரம் கடந்ததும் விளக்கு மங்கிவிட்டது. அண்ணன் செல்போனைப் பல்லில் கவ்விக்கொண்டு, அந்த வெளிச்சத்தில் வலையிலிருந்து நண்டு கழற்றியிருக்கிறார். நடுக்கடலில் வெளிச்சத்தை நம்பி வேலை செய்பவருக்கு இது சிறிய ஏமாற்று அல்ல.

அதன் பிறகு, செல்லில் உள்ள மின்னை முழுவதும் இறக்கிக் கொள்ளளவைக் காட்டும் சார்ஜர் ஒன்றை வாங்கினேன். 9900 என்று எழுதிய செல் 1140 காட்டியது. 3400 என்று அடக்கமாக எழுதியிருந்த வேறொரு நிறுவனத்தின் செல் 3310 காட்டியது. எங்கள் தெரு நகைப்பட்டறைத் தராசில் வைத்தபோது முன்னது 31 கிராம், பின்னது 47 கிராம். இந்த அளவுள்ள செல்லில் நம்பகமான உற்பத்தியாளர்கள் பொதுவாக எட்டியிருப்பதே 3500 எம்ஏஎச் அளவுதான் என்பதால், 9900 என்ற எண்ணைக் கண்டதுமே செல்லைக் கீழே வைத்துவிடலாம்.

பவர் பேங்க் விஷயம் வேறு. அங்கே எண் பொய்யில்லை, பாதி உண்மை. 20000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்குரிய கணக்கு. இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் மொத்த ஆற்றல் 74 வாட் மணி. வெளியே 5 வோல்ட்டாக மாற்றித் தரும்போது அது 14800 ஆகிறது, மாற்றும் சுற்றில் வெப்பமாக வீணாவதையும் கழித்தால் இன்னும் குறைகிறது. என்னுடையதில் முன்பக்கம் 20000 என்று பளிச்சென்று இருக்க, 12000 என்ற உண்மையான எண் பின்பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் இருக்கிறது. வாட் மணியைத்தான் முன்பக்கத்தில் அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகும் பேட்டரிக்கு 100 வாட் மணி என்றுதான் வரம்பு வைத்திருக்கிறார்கள், எம்ஏஎச்சில் அல்ல.

3310 காட்டிய அந்தச் செல் மூன்றாண்டு கழித்து இன்று 2780 காட்டுகிறது. உப்புக்காற்றில் முனைகள் பச்சை பிடிப்பதால் வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைக்கிறேன். மற்றபடி குறை இல்லை.

எடை சரியாக இருப்பதாலேயே செல் நல்லது என்று சொல்லிவிட முடியாது, உள்ளே எதையும் நிரப்பலாம். ஆனால் எடை குறைந்தது நல்லதாக இருக்க வழியே இல்லை. ஆகவே இப்போதெல்லாம் புதிய செல்லை முதலில் தராசில் வைக்கிறேன். 40 கிராமுக்குக் கீழே காட்டினால் உறையைப் பிரிக்காமலே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.